தலைகீழாய்ப் புதைத்த புட்டி

பிரையர் கிரீக், கென்டக்கி
9 செப்டம்பர் 1994

பார்ட்ஸ்டவுன் விஸ்கிப் பீப்பாய்க் கிடங்குகளில் உழைக்கும் பெருமக்களே, கேளுங்கள்! அவர்களுள் ஒருவராகிய ஹார்லன், நீங்களும் கேளுங்கள்! இருபது ஆண்டுகளாக மதுவிலக்கு மேடையில் முழங்கியவள் நான். என் ஆப்பிள் மரத்தடியில் இன்று ஒரு போர்பன் விஸ்கிப் புட்டி புதைந்து கிடக்கிறது. இது அநீதி அல்லவா?

அக்டோபர் எட்டாம் நாள் அம்மரத்தடியில் நம் மகள் டெலாவுக்குத் திருமணம். ஒரு மாதம் முன்பே நிறைபுட்டியைத் தலைகீழாய்ப் புதைத்தால் மணநாளில் மழை வராதாம். மாப்பிள்ளை வீட்டார் பிடிவாதம். புதைப்பது பெண்ணின் தந்தை கடமையாம். நானே புதைத்தேன்.

நம் ஊரில் மதுக்கடை ஏது? அடுத்த மாவட்டம் சென்றேன். கடைக்காரர் சிரித்தார்: “என்னம்மா, போன மாசம் எங்க கடைய மூடச் சொல்லிக் கத்துனது நீங்கதானே? பையில சுத்தித் தரவா?” எது நல்லதென்று அறியாத நான், கறுப்பு மெழுகு பூசிய, விலை உயர்ந்த புட்டியைக் காட்டினேன்.

செய்தது சரிதானா? அதை மட்டும் எழுதுங்கள். திருமணத்துக்கு நீங்கள் வர வேண்டியதில்லை. நாள்தோறும் குடித்து நாறிக்கொண்டு வந்தவரைப் பதினோரு ஆண்டுகளுக்கு முன் வாசலோடு அனுப்பியவள், இன்று அழைக்க மாட்டேன்.

ஓபல்


பார்ட்ஸ்டவுன்
13 செப்டம்பர் 1994

அன்புள்ள ஓபல்,

உன் கையெழுத்தைக் கண்டதே போதும்.

உடனே தோண்டு. விலை உயர்ந்த புட்டிக்குத் தக்கை மூடி. தலைகீழாய்க் கிடந்தால் சரக்கு தக்கையை அரித்துக் கசிந்துவிடும். திருகு மூடி போட்டதை வாங்கு. கடையின் அடித்தட்டைப் பார், பத்து டாலர்தான். பீப்பாயில் நான்கு ஆண்டுக்குக் குறையாமல் கிடந்தது, வலிமை நூறு புரூஃப், அதாவது சரிபாதி சாராயம், என்று சீட்டில் எழுதியிருக்கும். கிடங்கு ஆட்கள் வீட்டுக்கு வாங்கிப் போவது அதைத்தான். மெழுகுக்குக் கொடுக்கும் காசு நாக்குக்கு வந்து சேராது.

புதைக்கும் முன் ஒரு கரண்டி சுவைத்துப் பார். சில துளி தண்ணீர் விடு. வாயைச் சற்றே திறந்தபடி முகர். முதல் மிடறு சுடும், அதை நம்பாதே. இரண்டாவதுதான் உண்மை சொல்லும்.

டெலாவை மணக்கோலத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு. அது போதும் எனக்கு.

ஹார்லன்


பிரையர் கிரீக்
19 செப்டம்பர் 1994

என் ஹார்லன்,

தோண்டினேன். பாதிச் சரக்கு மண்ணுக்குள் போயிருந்தது. மீதி என் மேலங்கியில் கொட்டியது. மாற்ற நேரமின்றிச் சபைக் கூட்டத்துக்கு ஓடினேன். மேடையேறும் முன்பே போதகரின் மனைவி மூக்கைப் பொத்தினார்.

“என்ன ஓபல், நீயுமா? எத்தனை நாளா நடக்குது?”

“ஒரு சொட்டுத் தொடலம்மா. துணியில கொட்டிடுச்சு, அவ்வளவுதான்.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க.”

ஒருவரும் நம்பவில்லை. வெளியே வந்து படியில் அமர்ந்தேன். நம் வாசலில் நின்று அன்று நீங்கள் சொன்னது காதில் விழுந்தது: “பீப்பாய் மூச்சு விடுதுடி. கிடங்குல நின்னாலே சரக்கு வாசம் துணியில ஏறிக்குது. நான் குடிக்கல, ஓபல்.” எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்று நானும் சொன்னேனே.

அடித்தட்டுப் புட்டியை வாங்கிவந்தேன். தண்ணீர் விட்டு, நீங்கள் சொன்னபடியே சுவைத்தேன். முதல் மிடறு சுட்டது. இரண்டாவதில் சோளத்தின் இனிப்பு, பாகு, பீப்பாயின் கருக்கிய ஓக் மரம். அதற்கும் பின்னால் மாலையில் வீடு திரும்பும் உங்கள் மேலங்கி. பதினோரு ஆண்டு மேடைதோறும் நான் பழித்த நாற்றம் அதுதான். எனக்குப் பிடித்திருந்தது, ஹார்லன்.

புட்டியை இன்னும் புதைக்கவில்லை. மாதக் கணக்குத் தவறிவிட்டது. மழை வந்தால் எல்லோரும் நனைவோம். குழி திறந்தே கிடக்கிறது. அது தந்தையின் கடமை. இனி நான் அதில் கை வைக்க மாட்டேன்.

ஆகவே, பதில் எழுதாதீர்கள். படித்த கையோடு வண்டியை எடுங்கள். வேலைக்கு உடுத்திய அந்த மேலங்கியைத் துவைக்காமல் அணிந்து வாருங்கள். ஞாயிறன்று சபையின் முதல் வரிசையில், அதே மேலங்கியோடு, என் பக்கத்தில் அமருங்கள்!

உங்கள் ஓபல்