அப்பாவின் இதயம் இறுகிவருகிறது

பிளோவ்திவ், அக்டோபர்

அன்பு மகள் ரலித்சாவுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், நீயும் அந்தக் கனடாக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். அப்பாவும் சுகம் என்று வழக்கமாக அடுத்த வரி வரும், இந்தத் தடவை எழுதக் கை வரவில்லை. வீட்டில் போனில் பேசினால் அவர் காதில் விழும், அதனால் ஆய்வகத்தில் உட்கார்ந்து இந்த மின்னஞ்சலை எழுதுகிறேன்.

கோடையில் அவருக்கு வந்த மாரடைப்பு லேசானது என்று உன்னிடம் சொன்னோம், லேசானது இல்லை கண்ணு. தழும்பு விழுந்த இடம் இறுகிவிட்டது, பக்கத்துச் செல்கள் அந்த இறுக்கத்தை உணர்ந்து தாங்களும் இறுக்கத்தைப் பரப்புகின்றன. உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை, நீயும் அதைத்தானே படிக்கிறாய். ரப்பர் தாளில் செல்களை வளர்த்து, இழுத்து, என்ன செய்கின்றன என்று பார்த்தே என் காலம் போயிற்று. டாக்டர் கலோயன் என் வகுப்பில் படித்த பையன். ஸ்கேனைக் காட்டிவிட்டு, உங்களுக்கு நான் என்ன சொல்ல மேடம், எல்லாம் நீங்க சொல்லிக்கொடுத்ததுதான், மருந்துதான் இன்னும் வரலை என்று தலையைக் குனிந்துகொண்டான். கிறிஸ்துமஸ் வரை தாங்குமா என்று கேட்டேன், ஸ்கேனை எடுத்து உறைக்குள் வைத்துவிட்டான்.

ஞாயிறன்று ஸ்தான்கா அத்தை பீன்ஸ் சூப் கொண்டுவந்தாள். கட்டிலருகே நின்றுகொண்டு, இத்தனை வருஷமா அந்தச் செல்லைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தியே, உன் புருஷனுக்கு ஆகிற மாதிரி ஒண்ணாவது கண்டுபிடிச்சியா என்று என்னைக் கேட்டே விட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை, நானும் அதைத்தான் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாதான் தலையணையில் சாய்ந்தபடி, அவளை விடு அக்கா, அவ எப்பவும் நிதானமாப் போறவ, நான்தான் அவசரப்பட்டுட்டேன் என்றார். அத்தை சமையலறைக்குள் போய் அழுதாள். சூப்பை யாரும் தொடவில்லை.

உன் முனைவர் பட்டத் தேர்வு முடியும்வரை உன்னிடம் மூச்சு விடக்கூடாது, விட்டால் என்னோடு பேசவே மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். இப்போது அதை மீறிவிட்டேன். தேர்வைத் தள்ளிவைத்தால் உன் பேராசிரியர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும், தேர்வு அடுத்த வருஷமும் இருக்கும்.

உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். டிக்கெட் எடுத்ததும் ஆய்வகத்துக்குப் போன் பண்ணு, வீட்டுக்கு வேண்டாம். வாசலில் உன்னைப் பார்த்ததும் என்னைத் திட்டுவார். திட்டுவதற்கு அவருக்கு மூச்சு இருக்கும்போதே வந்துவிடு.

உன் அம்மா,
நெவெனா