பங்கு வைத்த மாத்திரை

இனையம்
24.9.2011

மாதா துணை.

என் அன்பு மகள் அஜிதாவுக்கு அம்மா எழுதுவது. குவைத்தில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எனக்குச் சுகக்கேடு எதுவுமில்லை. உன் அப்பாவைப் பற்றிப் போனில் சொல்ல முடியாது; மணி அடித்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

நுரையீரல் புற்றுநோய் முற்றிவிட்டது என்று சொன்ன பிறகும் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் அப்பாவை அந்த ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார்கள். அதற்காக எத்தனை நவநாள் ஜெபம் சொன்னோம்? பழைய மாத்திரையையும் புது மாத்திரையையும் சேர்த்துத் தந்தால் நோய் கூடுதலாக அடங்குகிறதா என்று பார்க்கிறார்கள். நீயும் நர்ஸ் என்ற முறையில் இரண்டையும் ஒருவேளைகூட விடாமல் சாப்பிட வேண்டும் என்று போனில் தொண்டை வற்றச் சொன்னாய். மனுஷன் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டுச் செய்ததைக் கேள்.

புது மாத்திரையைத் ததேயுஸ் மாமாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். மாமாவுக்கும் இதே நோய்தானே. ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போய் ஒரே பீடிக்கட்டைக் காலி செய்த கூட்டாளிகள். கல்லீரல் சரியில்லை என்று அவரை மட்டும் ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை. அண்ணன் தந்த மாத்திரைய தின்னதுல இருந்து இருமல் கொறவு கேட்டியா என்று மாமாவின் மனைவி ராகேல் வாய்தவறிச் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது.

கேட்டால் உன் அப்பா ஒரு நியாயம் சொல்கிறார். எனக்க கால் முறிஞ்சு கெடந்தப்ப நான் கடலுக்குப் போகாமலே எனக்க மீன் பங்க அவன் வீட்டுல கொண்டு தந்தான்லா, ரெண்டு மருந்து இருக்கம்ப ஒண்ண அவனுக்குக் குடுத்தா என்ன என்று. மீனும் மருந்தும் ஒன்றா, இரண்டும் சேர்ந்து வேலை செய்யத்தானே தந்தார்கள் என்று கத்தினேன். ஏட்டி மெதுவா பேசு, அவன் கேட்டா வருத்தப்படுவான் என்கிறார். சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

போன வாரம் டாக்டரிடம் நானே சொல்லிவிட்டேன். இரண்டு மருந்து கொடுத்தும் கட்டி வளர்ந்திருக்கிறது, பலனில்லை என்று அவர் எழுதப் போனார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யார் யாரையோ பிழைக்க வைக்கும் மருந்தின் பெயர் நம்மால் கெட்டுப்போகாதா? டாக்டர் திட்டவில்லை. ததேயுஸை உடனே கூட்டிவரச் சொன்னார். அப்பாவை ஆராய்ச்சியில் வைத்திருப்பதா வேண்டாமா என்று அடுத்த மாதம் சொல்வார்களாம்.

திரும்பும்போது பஸ்ஸில் புதுக்கடை வரை உன் அப்பா முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தார். இன்றுவரை என்னோடு பேச்சில்லை. மாமாவுக்கு ரத்தம் பார்த்ததில் ஈரல் இன்னும் கெட்டிருக்கிறது; மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். இருமல் திரும்பிவிட்டது. அதற்கும் நான்தான் காரணமாம். குழாயடியில் என்னைக் கண்டால் ராகேல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். நான் செய்தது தப்பில்லை மக்கா. ஆனாலும் அலுத்துப்போய்விட்டது.

நேற்று மீன் குழம்பு வைத்தேன். தன் தட்டில் இருந்ததில் பாதியை உன் அப்பா கிண்ணத்தில் எடுத்து வைத்து, ததேயுஸுக்குக் குடுத்து விடணும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நானே கொண்டுபோனேன். ராகேல் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

நான் எழுதியதை அப்பாவிடம் சொல்லாதே. கிறிஸ்துமஸுக்கு வரலாம் என்றாய். அதற்கு முன்னாலேயே லீவு கேட்டுப் பார். அடுத்த மாதம் மாத்திரை தருகிறார்களோ இல்லையோ, நீ உன் கையால் கொடுப்பதை அவர் யாருக்கும் பங்கு வைக்கமாட்டார்.

மாதா உன்னைச் சீக்கிரம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அம்மா,
ரீத்தா