மூடியில் ஐந்து போல்ட்

அன்புள்ள மச்சான் தம்பிராசா,

நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. உன் மொரிஸ் மைனர் காரின் எஞ்சினை நேற்று உன் வீட்டு வளவிலேயே கழற்றினோம். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் மகள் செல்வி எழுதுகிறாள்.

கிளச் வழுக்கத் தொடங்கிவிட்டது. எஞ்சின் இரைகிறது, கார் நகர யோசிக்கிறது. செல்வி அதில்தான் பட்டிருப்புப் பாலம் கடந்து வெல்லாவெளிக்குப் படிப்பிக்கப் போய்வருகிறாள். வீட்டிலேயே பார்க்கலாம் என்று காத்தான்குடியிலிருந்து மெக்கானிக் காசிம் பாஸ் வந்தார். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகப் போய் நின்றேன்.

நம் இருவரின் வழக்கு அந்த எஞ்சினுக்குப் பின்னால்தானே இத்தனை வருடமாகப் பூட்டிக் கிடந்தது? அன்று நாம் இருவரும் இதே வளவில் கிளச் மாற்றினோம். எல்லாம் பூட்டி முடிந்த பிறகு தகரப் பேணியில் ஒரு போல்ட் மிஞ்சியது.

"மச்சான், இது கிளச் மூடிக்குரியது. எஞ்சினத் திரும்ப இறக்குவம்" என்றாய்.

"அஞ்சு கழட்டின, அஞ்சு பூட்டின. இது வேற எங்கயோ உள்ளது. என்ட ஞாபகத்தில பிழை வராது."

"அப்ப அந்த ஆறாவது ஓட்டை?"

"அது சும்மா விட்ட ஓட்டை."

அன்றிலிருந்து வேகமெடுத்தால் கார் உதறியது. ஊர் என்னைத்தான் நம்பியது. எந்த வயல் வட்டையில் எந்த வருடம் எத்தனை மூட்டை விளைந்தது என்று தாளில்லாமல் சொல்கிறவன் நான். "தம்பிராசாட காருக்குக் குளிர்காய்ச்சல். ஓட்டத் தெரியாம ஓட்டினா உதறத்தானே செய்யும்" என்று தேத்தண்ணிக் கடையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ வாடகைக்கு ஓடிய கல்முனை ஹயர் எல்லாம் உன்னை விட்டுப் போனது. பிறகு ஒருநாளாவது நீ ஏன் அதைத் திறந்து பார்க்கவில்லை? எனக்குக் கட்டித் தந்த உன் தங்கச்சியின் முகத்துக்காகவா?

நேற்று மூன்று இரும்புக் குழாய்களைக் கட்டி நிறுத்தி, செயின் புளொக்கைத் தொங்கவிட்டார் பாஸ். கியர்பொக்ஸுக்கு அடியில் ஜக் கொடுத்தார். எஞ்சின் ஒரு சாண் முன்னால் வந்து, பிறகு மேலே எழும்பி ஆடியது. "மாமா, கையக் கீழ குடுக்காதீங்க!" என்று செல்வி கத்தினாள். நான் எஞ்சினின் பின்பக்கத்து மூடியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இத ஆரு பூட்டின? அஞ்சு போல்ட்தான் இருக்கு. மூடியும் ஒரு பக்கம் நெளிஞ்சி போச்சு" என்றார் பாஸ்.

"ஆறு வேணுமா தம்பி?"

"ஆறு ஓட்டைக்கு ஆறுதானே ஐயா. ஒண்டச் சாமிக்கு உட்டுட்டீங்களா?"

அவர் பகிடிக்குச் சொன்னார். எனக்கு அதில்தான் விளங்கியது. களத்தில் நெல் அளக்கும்போது என் அப்பா முதல் மரைக்காலை 'லாபம்' என்று சொல்லிப் பிள்ளையாருக்கு ஒதுக்குவார். அது கணக்கில் சேராது. அடுத்ததுதான் ஒன்று. சின்ன வயதிலிருந்து என் நாக்குக்கு அந்த எண்ணிக்கைதான். நீ கழற்றித் தந்த போல்ட்டுகளைப் பேணியில் போட்டபோதும் அப்படித்தான் எண்ணியிருக்கிறேன். லாபம், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. பூட்டும்போது எத்தனை என்று நீ கேட்க, ஐந்து என்றேன்; ஐந்தோடு நிறுத்தினோம். ஞாபகம் பிழைக்கவில்லை மச்சான். எண்ணினதே பிழை.

செல்வி இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டாள்.

"மாமா, இதையும் எழுதவா? நாளைக்கு ஆராவது எடுத்து வாசிச்சா சிரிப்பாங்க."

"எழுது புள்ள. உன்ட அப்பாவப் பாத்துச் சிரிச்ச அளவுக்கு வராது."

புதுப் பிளேட்டும் மூடியும் நாளைக்கு வரும். பூட்டும்போது செல்விதான் எண்ணுவாள். எனக்கு வேறு வேலை இருக்கிறது. அன்று கடையில் இருந்து சிரித்தவர்களில் இரண்டு பேர்தான் மிச்சம். இன்னும் காலையில் அங்கேதான் வந்து குந்துகிறார்கள். ஒருவனுக்குக் காது மந்தம். நாளைக்குப் போய், அவனுக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாகச் சொல்லுவேன்.

இப்படிக்கு,
உன் தங்கச்சியைக் கலியாணம் முடித்த மச்சான்
கணபதிப்பிள்ளை
தேற்றாத்தீவு