கழலாத வில்

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் முதல் வேலையாக வில்லின் மேல் கிடந்த அவருடைய ஈரத் துண்டை எடுத்துக் கொடியில் போட்டேன்.

சுவரில் இரண்டு ஆணி அடித்து வில்லை அதன் மேல் படுக்க வைத்திருக்கிறேன். என் கணவரின் கண்ணுக்கு அது துண்டு காயப்போடும் கம்பு. வெட்டிப்போட்ட மல்பெரி மரத்திலிருந்து, ஒரு வருட ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டி நான் செதுக்கியது என்று இன்னும் எத்தனை முறை சொல்ல?

"மரம் ஈரம் இழுக்கும்ங்க" என்றேன்.

"மரத்தைப் பத்தி எனக்கே பாடமா?"

கட்டில், பீரோ விற்கும் கடையில் மேலாளர். மரத்தூளை அழுத்தி, மேலே மரம் மாதிரி படம் ஒட்டிய பலகையைத் தடவிக்கொடுத்தபடி "மூணு தலைமுறைக்கு வரும் சார்" என்று கூசாமல் சொல்லும் வாய் அது. அவர் எனக்கு மரம் சொல்லித் தருகிறார்.

மதியம் மாஸ்டர் கூப்பிட்டார். நான் வில் பழகும் திடலை நடத்துபவர். அறுபதை நெருங்கும் பெண்மணி. வேறு ஊரில் புதிய திடல் திறக்கிறாராம். மாதக் கடைசியில் திறப்பு, இரண்டு நாள் போட்டி. "வில்லோட வந்து சேரு. அங்க வில் செய்ய ஒரு கொட்டகை போட்டிருக்கோம், பாத்துக்க ஆள் வேணும். என் கூட்டாளி உன் வில்லக் கையில வாங்கிப் பாக்காம ஒத்துக்க மாட்டான். பிடிச்சிருந்தா அங்கயே இருந்துடு."

சிரித்து மழுப்பினேன். வீட்டில் இரண்டு நாள் போட்டி என்று மட்டும் சொன்னேன். ஏன் முழுதும் சொல்லவில்லை? தெரியவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

பேருந்து அலுவலகத்தில் வில்லின் நீளத்தைக் கேட்டுவிட்டுச் சீட்டு கொடுப்பவர் சிரித்தார். "அஞ்சரை அடியா? எங்கம்மா வெக்கறது, டிரைவர் மடியிலயா?"

ஆக, வில்லை இரண்டாக்க வேண்டும். முடியாத காரியம் இல்லை. கைப்பிடியின் நடுவில் அறுத்து, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு எஃகுக் குழாய்களைப் பாதிக்கு ஒன்றாக ஒட்ட வேண்டும். வேண்டும்போது செருகி நாண் ஏற்றலாம், வேண்டாதபோது உருவிப் பெட்டியில் வைக்கலாம். ஒரே ஒரு சூட்சுமம். இரண்டு பாதியும் கோணாமல் நிற்க, குழாய்களைச் செருகிய நிலையில்தான் பசை காய வேண்டும். அப்போது பிதுங்கும் பசை குழாயையும் குழாயையும் சேர்த்துப் பிடித்துவிடாமல் நடுவில் மெழுகு பூச வேண்டும்.

எனக்கு இது புதிதா என்ன? பல் கட்டும் கூடத்தில் இருபது வருடமாக இதைத்தானே செய்கிறேன். மாவு அச்சில் பிரிப்புப் பூச்சு தடவாமல் பிசினை ஊற்றினால் பல்லும் அச்சும் ஒன்றாகத்தான் வெளியே வரும். முதல் நாள் பாடம்.

சாப்பாட்டின்போது அவரிடம் சொல்லித் தொலைத்தேன். கண் மின்னியது. "குழாய் நான் வாங்கிட்டு வரேன். ஞாயித்துக்கிழமை முடிச்சிடலாம்." அதற்குள் மூன்று வீடியோ பார்த்துவிட்டார். மூன்றையும் பாதி பாதி.

பிப்ரவரி 15, ஞாயிறு

எனக்கு இருப்பது கோபமா, வேறு ஏதாவதா?

கொழுந்தனும் வந்திருந்தான், வேடிக்கை பார்க்க. "அண்ணி, அண்ணன் கை வெச்சா ரெண்டு என்ன, நாலு துண்டாவே ஆகும்!"

"டேய், வாய மூடிட்டு டார்ச்சப் பிடி" என்றார் இவர். பட்டப்பகல். டார்ச்.

அறுப்பதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. நானே கோடு போட்டேன், நானே அறுத்தேன். முனைகளைச் சீவிக் குழாய்க்குள் உட்காரும்படி தேய்த்துக் கொடுத்தேன். அதற்குள் அவர் பசையைக் கலக்கிவிட்டார்.

"நீ தள்ளு. இதெல்லாம் கை வேகம்."

"முதல்ல மெழுகு..."

"ஆரம்பிச்சிட்டியா? இது ஒண்ணும் பல்லு கட்டற வேலை இல்ல."

கொழுந்தன் சிரித்தான்.

அவர் பசையைப் பூசினார், தாராளமாக, இட்ட இடம் வழிய. குழாயைக் குழாய்க்குள் செருகினார். பிதுங்கியதைக் கட்டைவிரலால் தள்ளி உள்ளேயே அடைத்தார்! மெழுகு டப்பா என் சட்டைப்பையில் இருந்தது. அதை விரலால் உருட்டிக்கொண்டே நின்றேன். அந்தப் பசை இறுக அரை மணி நேரமாவது ஆகும். உருவித் துடைக்க நேரம் இருந்தது. சொல்லவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

கழலவில்லை. அவர் ஒரு முனை, கொழுந்தன் மறுமுனை. சிவந்த முகங்களும் முக்கலும். இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு கம்புக்காக வீட்டுக் கூடத்தில் தள்ளாடினார்கள். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டாக்கச் சொன்னால், நடுவில் இரும்பைப் போட்டு ஒன்றாக்கிவிட்டார்.

கடைசியில் மூச்சு வாங்கியபடி தீர்ப்பு சொன்னார்: "ஒரு விதத்துல இது நல்லதுதான். கைப்பிடி செம ஸ்ட்ராங் ஆயிடுச்சு." மனிதனுக்கு வெட்கம் என்ற உறுப்பே வைக்கவில்லை போல.

"நீ வில்லு இல்லாமயே போயிட்டு வாயேன், ரெண்டு நாள்தானே" என்றார் பிறகு. ஆறுதல் சொல்கிறாராம்.

பிப்ரவரி 17, செவ்வாய்

விடுதியிலிருந்து மகள் பேசினாள். எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன், டார்ச் வரைக்கும். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"ஏம்மா, மெழுகு தடவலன்னு நீ பாத்துட்டுதானே இருந்தே?"

"சொல்ல வந்தேன். கிண்டல் பண்ணார்."

"ரெண்டாவது தடவை சொல்லியிருக்கலாமே? உன் வில்லும்மா."

குக்கர் கூப்பிடுகிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பைப் பற்றவே வைத்திருக்கவில்லை.

பிப்ரவரி 18, புதன்

உன் வில்லும்மா.

பிப்ரவரி 21, சனி

பல் கூடத்தில் எல்லோரும் போன பிறகு எழுதுகிறேன். பல் அச்சுகள் வரிசையாக என்னைப் பார்த்து இளித்துக்கொண்டிருக்கின்றன. இளிக்கட்டும்.

அவரை இளக்காரமாகப் பார்ப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளாமல் இங்கே பக்கம் பக்கமாக எழுதுவது பச்சை ஏமாற்று. அவர் உளறும் ஒவ்வொரு சொல்லையும் சேர்த்துவைத்து, தனியாக இருக்கும்போது எடுத்துப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறேன். போன ஞாயிறு அந்தச் சிரிப்புக்காக என் வில்லையே கொடுத்துவிட்டேன். அவர் தோற்பதைப் பார்க்க வேண்டும், அது போதும் என்று நின்றேனே! அவர் அசடு. சரி. அந்த அசட்டைப் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் நான் யார்?

இன்னும் இருபது வருடம் இப்படியே போனால் எனக்கு வேறு எந்த ருசியும் மிஞ்சாது.

பிப்ரவரி 24, செவ்வாய்

இறுகிய பசை சூட்டுக்கு இளகும். அது அவர் பார்த்த பாதி வீடியோவில் வந்திருக்காது. வில்லைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறேன் என்று சொல்லிப் பல் கூடத்துக்குத் தூக்கிவந்தேன். ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் சூடான காற்றை எஃகின் மேல் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். மரத்தில் படாமல் ஈரத்துணி சுற்றியிருந்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மெல்ல ஒரு முறுக்கு. கழன்று வந்தது!

சுரண்டித் துடைத்து, மெழுகு பூசி, புதிய பசையில் மறுபடி ஒட்டினேன். நூல் பிடித்து நேர் பார்த்தேன். யாரும் டார்ச் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 25, புதன்

மாலையில் ஆளில்லாத பல் கூடத்தில் நாண் ஏற்றி இழுத்துப் பார்த்தேன். முனகக்கூட இல்லை. நாணை இறக்கி உருவினேன். இரண்டு பாதியாக என் கையில்.

மறுபடி செருகி, வீட்டுக்குக் கொண்டுவந்து ஆணிகளின் மேல் வைத்தேன்.

பிப்ரவரி 26, வியாழன்

கொழுந்தன் வந்தான். இவர் சுவரில் இருந்த வில்லைத் தட்டிக் காட்டினார். "பாருடா, இனி ஜென்மத்துக்கும் கழலாது. என் கை வேலை."

"ஆமாம்" என்றேன் நான். உள்ளே சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நிம்மதியாக இருந்தது.

பெட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ரெண்டு நாளைக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பெட்டி?"

"குளிருமாம்."

செதுக்கும் கத்திகள், அரம், மெழுகு டப்பா எல்லாம் அடியில். மேலே துணிமணி, கொஞ்சம் அதிகமாகவே. குறுக்காக இரண்டு பாதிக்கு இடம் விட்டிருக்கிறேன். நாளை விடியலில், அவர் எழுவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை திரும்புவேன் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாஸ்டரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. வில்லை அவருடைய கூட்டாளியின் கையில் கொடுத்துவிட்டு, அவர் வாய் திறப்பதற்கு முன் கொட்டகைச் சாவியைக் கேட்கப் போகிறேன்.

ஆணிகளைப் பிடுங்கவில்லை. துண்டு காயப்போட அவருக்கு ஆகும்.