மன்றாட்டில் ஒரு வரி

மார்ச் 4, புதன்

வெயில் இப்போதே கொளுத்துகிறது. ப்ளஸ் டூ தேர்வறையில் நின்று நின்று கால் மரத்துவிட்டது. வாங்க வேண்டியவை: புளி, கொசுவர்த்தி, இவருக்கு பி.பி. மாத்திரை. லெந்து நோன்பு முடியும்வரை கறி கிடையாது என்றதும் இவர் முகம் போன போக்கு!

சாயங்காலம் பெனிட்டா வந்தாள். என் பழைய மாணவி. எங்கள் சபைச் செயலாளர் ஜெயசிங் அண்ணன் மகள். கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். காப்பியை ஆறவிட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னாள். கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிற அருணை விரும்புகிறாளாம். ரூத் அக்கா மகன். மூன்று வருஷமாக! ஞாயிறு தவறாமல் இரண்டு பேரையும் பார்க்கிறேன், ஒன்றும் தெரியவில்லையே எனக்கு.

"ஓடிப்போயி ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கட்டிக்கிற மாட்டோம் டீச்சர். நம்ம கோயில்ல மூணு ஞாயிறு கல்யாண ஓலை வாசிச்சு, எல்லாரும் பார்க்கத்தான் கட்டிக்கிருவோம். நீங்க சொன்னா அப்பா கேப்பாங்க."

அருண் அவன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. "எங்கப்பா சரின்ன பிறகு சொல்லலாம்னு இருக்கான். நீங்களும் அத்தைகிட்ட சொல்லிராதீங்க."

ரூத் அக்காவிடம் மூச்சுவிட மாட்டேன், அவள் அப்பாவிடம் நாளைக்கே பேசுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பையன் தங்கம். சாதிதான் வேறு. எழுதும்போதே எரிகிறது. திருவிருந்தில் ஒரே அப்பத்தைப் பிட்டு, ஒரே பாத்திரத்தில் குடிக்கிறோம். ஆனால்?

மார்ச் 5, வியாழன்

தெருவெல்லாம் பிரசார வண்டி. காது போச்சு. ஜெயசிங் அண்ணன் வீட்டிலும் தேர்தல் பேச்சுதான், ஆனால் சபைத் தேர்தல். மறுபடி நிற்கிறார். நான் வாய் திறக்குமுன் அவரே ஆரம்பித்தார்.

"பாப்பா உங்க வீட்டுக்கு வந்துச்சாமே. எனக்கு எல்லாம் தெரியும் டீச்சர். அந்தப் பய யாருன்னும் தெரியும்."

"நல்ல பையன்ண்ணே. நம்ம சபைதானே."

"சபை ஒண்ணுதான், நான் இல்லைன்னா சொன்னேன்? கூட உக்காருவோம், கூட சாப்பிடுவோம். சம்பந்தம்னா யோசிக்கணும்ல? நீங்க நம்ம ஆளு, உங்களுக்குத் தெரியாததா? இது வெளிய வந்துச்சுன்னா எனக்கு எம்புட்டு ஓட்டு விழும்?"

நம்ம ஆளு. இல்லை என்று சொல்லியிருக்க வேண்டாமா? முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "இந்த மாசம் ஞாயிறு ஆராதனையில மன்றாட்டு ஜெபம் வாசிக்கிறது உங்க முறைதானே? ஒரு வரி சேர்த்துக்கங்க. 'பெனிட்டாவின் திருமணக் காரியத்தில் தடையாக நிற்பவர்களைக் கர்த்தர் அப்புறப்படுத்துவாராக.' பேரெல்லாம் வேண்டாம். கேக்க வேண்டியவனுக்குக் கேக்கும்."

ஜெபத்தைக் கல்லாக எறியச் சொல்கிறார், அதுவும் என் கையால். வரும் வழியெல்லாம் ஸ்கூட்டியில் தனியாகத் திட்டிக்கொண்டு வந்தேன். அவரையா என்னையா, தெரியவில்லை.

மார்ச் 7, சனி

விடைத்தாள். துவைக்கிற வேலை. புளி இன்னும் வாங்கவில்லை.

பெனிட்டா போன் ஸ்விட்ச் ஆஃப். கிளினிக்கில் லீவாம். வீட்டில் பூட்டி வைத்திருப்பார்களோ?

போதகருக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டார். பிறகு, "சபை எலெக்‌ஷன் முடியட்டும்மா, பொறுமையாப் பேசுவோம்." இவரிடம் சொன்னேன். டி.வி.யில் சாதிக் கட்சிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார்: "குடுத்ததை வாசிச்சிட்டு வா. நமக்கு எதுக்கு வம்பு?"

வேறு மாதிரி எழுதி வைத்திருக்கிறேன். 'பெனிட்டாவின் திருமணக் காரியத்தில் உமது சித்தம் நடக்கட்டும்.' ஜெயசிங் அண்ணன் முறைத்தால் முறைக்கட்டும். ஆண்டவரே, தைரியம் கொடும்.

மார்ச் 8, ஞாயிறு

கைவிட்டேன்.

நாடு, மழை, தேர்வு எழுதும் பிள்ளைகள், நோயாளிகள் என்று எல்லாருக்காகவும் வேண்டினேன். மன்றாட்டுக்கு அடியில் அருண் மெதுவாகக் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தான், வழக்கம்போல. பெனிட்டா அம்மாவுக்கும் சித்திக்கும் நடுவில், குனிந்த தலை. சபை முழுக்கக் கண் மூடியிருந்தது. ஜெயசிங் அண்ணன் மட்டும் மூடவில்லை. முதல் வரிசையிலிருந்து என்னையே பார்த்தார்.

எழுதி வைத்தது கண்ணுக்கு முன்னால் இருந்தது. வாயில் வந்தது அவர் சொன்ன வரி. ஒரு வார்த்தை விடாமல்.

அருண் நிறுத்தவில்லை. ஒரு சுரம்கூடத் தப்பவில்லை. சபையே "ஆமென்" என்றது. பெண்கள் பக்கத்திலிருந்து ரூத் அக்கா குரல் எல்லாரையும் தாண்டிக் கேட்டது.

வெளியே வந்ததும் அக்காவே கையைப் பிடித்துக்கொண்டார். பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற கை, இன்னும் அந்த அழுத்தம்.

"பாவம் டீச்சர் அந்தப் பிள்ளை. எவனோ குறுக்க நிக்கிறான் போல. வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து அதுக்காக ஜெபிக்கப் போறேன்."

"வேண்டாம்க்கா, உங்களுக்கு சுகர் இருக்கு" என்றேன். அதைத்தான் சொன்னேன். அந்த 'எவனோ' உங்கள் மகன்தான் என்று சொல்லவில்லை. பெனிட்டாவுக்குக் கொடுத்த வாக்கு என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். பயம்தான், வேறென்ன?

மதியம் சாப்பிடவில்லை. இவர் இரண்டு தடவை கூப்பிட்டார்.

மார்ச் 13, வெள்ளி

புழுக்கம். ஹெச்.எம். மீட்டிங், ஒன்றும் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ரூத் அக்கா போன்.

"டீச்சர், ஜெபம் கேக்கப்பட்டுச்சு! பெனிட்டாவுக்கு வெளியூர் மாப்பிள்ளையோட நிச்சயம் ஆயிருச்சாம், சபை குரூப்ல போட்டிருக்காங்க பாருங்க. ஈஸ்டர் கழிச்சுக் கல்யாணமாம். காலையிலருந்து நான் பச்சத்தண்ணி குடிக்கல. கர்த்தர் எம்புட்டு நல்லவரு!"

"சாப்பிடுங்கக்கா" என்றேன்.

"இந்தா, சாப்பிடத்தான் போறேன். ஒரு விஷயம் டீச்சர். நம்ம அருண் ஞாயித்துக்கிழமைலருந்து சரியாச் சாப்பிடல, வேலைக்கும் போகல. கேட்டா வாயத் திறக்க மாட்டேங்குறான். என்னன்னு தெரியலயே. வர்ற ஞாயிறு மன்றாட்டுல அவனுக்கும் ஒரு வரி சேர்த்துக்கங்க. நீங்க ஜெபிச்சா கேக்கப்படுது."

"சரிக்கா" என்றேன்.