கறார் அம்மாதான் வேண்டும்

மார்ச் 4, செவ்வாய்

குடைக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தபோது, இணைய முகவரித் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் மையத்திலிருந்து மின்னஞ்சல். என் கடையின் இணைய முகவரியைத் தங்களுக்கே தரவேண்டும் என்று ஒரு மழைக்கோட்டு கம்பெனி புகார் கொடுத்திருக்கிறது. ‘குருவி’ அவர்கள் பெயராம். என் மகளை நாங்கள் கூப்பிடும் பெயர் அது! அவளுக்குப் பல் முளைக்கும் முன்பே கடைக்கு வைத்தது. இவர்கள் நேற்றைய மழைக்கு முளைத்த காளான். பழுதுபார்க்க வரும் குடைகளில் பாதிக்கு மேல் அந்த முகவரி வழியாகத்தான் வருகின்றன. அது போனால் கடையும் போச்சு.

விற்றுக் காசு பார்க்கத்தான் முகவரியை வைத்திருக்கிறேனாம், விலையும் பேசினேனாம். அவர்கள் போன வருடம் விலை கேட்டபோது நான் எழுதிய பதிலையே சாட்சிக்கு வைத்திருக்கிறார்கள்: “பத்து கோடி கொண்டு வாருங்கள்.” அடுத்த வரிகள் எங்கே? “நிலாவையும் பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். அப்போதும் தரமாட்டேன்.” அதைக் கத்தரித்துவிட்டார்கள். திருட்டுப் பயல்கள்.

மார்ச் 5

அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் வக்கீல்தான், ஆனால் இதுவரை பார்த்ததெல்லாம் நிலத் தகராறு.

“கோவத்துல எழுதாதேன்னு எத்தனை தடவை சொல்றது?” என்றார்.

எழுதியது எழுதியதுதான்.

ஒரே நடுவர் போதும், மையமே போடட்டும் என்கிறது கம்பெனி. நாம் மூன்று நடுவர்கள் வேண்டும் என்று கேட்கலாம். செலவில் பாதி நம் தலையில். கேட்டால் இரு தரப்பும் ஆளுக்கு மூன்று பெயர் தரலாம். மையம் ஒவ்வொரு பட்டியலிலிருந்தும் ஒருவரை எடுக்கும், தலைமைக்கு இன்னொருவரைப் போடும்.

“மூணு பேர் கேளுங்க அத்தான்.”

மார்ச் 9, ஞாயிறு

கடைக்கு விடுமுறை. நடுவர்களின் பழைய தீர்ப்புகளைப் படித்தேன். நம் பட்டியலுக்கு அத்தான் சொன்ன நடுவருக்குக் கருணை ஐயா என்று பெயர் வைத்திருக்கிறேன். எப்போதும் சின்னக் கடைக்காரர் பக்கம். ஆனால் ஒரு பூக்கடை வழக்கில், நடுவில் திடீரென்று ‘இந்தப் பல் மருத்துவர்’ என்று வருகிறது! பழைய தீர்ப்பை அப்படியே ஒட்டியிருக்கிறார்.

இன்னொருவர், கறார் அம்மா. அவரிடம் போன சின்னவர்கள் பெரும்பாலும் தோற்றிருக்கிறார்கள். ஆனால் எவனோ கடைசிப் பக்கத்து மூலையில் எழுதிய அரை வரிக்கும் பதில் சொல்லியிருக்கிறார்.

எனக்குக் கருணை எதற்கு? என் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படிக்க ஆள் வேண்டும்.

மார்ச் 10

“அந்தம்மாவா? சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கப் போறியா?” என்று அத்தான் குதித்தார்.

“ஐயா நம்ம குடையையும் பல்லுன்னு எழுதிடுவார், பரவாயில்லையா?”

அக்கா சிரித்துவிட்டாள். அவருக்குத்தான் கோபம். பட்டியலில் முதல் பெயர் கறார் அம்மா. என் முழுக் கடிதத்தையும் புகாருக்கான பதிலோடு இணைத்தாயிற்று.

மார்ச் 21, வெள்ளி

கம்பெனியின் பட்டியலிலும் கறார் அம்மா! இரு தரப்பும் கேட்டிருப்பதால் அவரையே தலைமைக்குப் போடலாமா, சம்மதமா என்று மையம் கேட்கிறது.

அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார். “அவங்க எதுக்கு அந்தம்மாவைக் கேக்குறாங்கன்னு யோசி. நம்மள மாதிரி ஆளுங்களை வெட்டிச் சாய்க்கிறவங்கன்னுதானே? இப்பவாவது வேணாம்னு சொல்லு.”

ஒருவேளை நான்தான் முட்டாளோ? குருவியின் பெயரை என் வீம்புக்காக விட்டுக்கொடுக்கிறேனா?

இல்லை. அந்த அம்மா யாரைத் தோற்கடித்தார் என்று அவர்கள் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். நானோ, அவர் எப்படிப் படித்தார் என்று பார்த்தேன். சம்மதம் என்று எழுதிவிட்டேன்.

மார்ச் 22

தூக்கமில்லை. பயமில்லை என்று எழுத வந்தேன். பொய்.

ஏப்ரல் 22, செவ்வாய்

தீர்ப்பு வந்தது. மூவரும் ஒரே முடிவு. கறார் அம்மா என்னையும் விடவில்லை: ‘கடை உரிமையாளரின் பேச்சு நாகரிகமானது அல்ல.’ அதற்கு அடுத்து: ‘ஆனால் கடிதம் முதல் வரியோடு முடியவில்லை. நிலாவைக் கேட்பவர் எதையும் விற்க வரவில்லை. முகவரி அவரிடமே இருக்கட்டும்.’

குருவி அதை உரக்கப் படித்தாள். நான் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.

மே 2

கம்பெனியிடமிருந்து, இம்முறை மிகுந்த மரியாதையோடு, ஒரு கடிதம். முகவரிக்கு நியாயமான விலை சொல்ல முடியுமா?

“ஒரே வார்த்தைல எழுது தாயே,” என்றார் அத்தான்.

‘முடியாது’ என்று எழுதினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் கீழே சேர்த்தேன்: ‘நிலா இன்னும் வந்து சேரவில்லை.’