நவநாள் பெட்டியில் விழுந்த கடிதம்

கொட்டாஞ்சேனை,
ஓகஸ்ட் 5, செவ்வாய்.

என் ரொஷேலுக்கு,

ஸலாம். உனக்கு முன் இதைப் பிரித்துப் படிக்கப்போகும் பொறுப்புச் சிஸ்டருக்கும் ஸலாம். பண்டாரவளைக் குளிரில் இரண்டு பேரும் சுகமாக இருக்க வேண்டும். மடத்தில் உங்களுக்குப் போன் இல்லை என்பதால், இந்தக் காலத்திலும் முத்திரை வாங்க வரிசையில் நிற்கிற ஒரே எம்.ஏ. மாணவி நானாகத்தான் இருப்பேன்.

உன் வீட்டில், உன் அறைக்கு நான் வந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. பேராதனையில் நாலு வருடம் ஒரே அறையில் இருந்தோம். எம்.ஏ.யையும் கொழும்பில் சேர்ந்தே படிப்போம் என்று சொன்னவள் நீதான். நீ மடத்துக்குப் போய்விட்டாய். உன் கட்டிலில் இப்போது இந்தப் புத்தளத்துக்காரி படுக்கிறாள். கிப்லா உன் ஜன்னல் பக்கமாக வருகிறது, தொழுதுவிட்டு நிமிர்ந்தால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். உன் அம்மா, பிறிஜெற் அன்ரி, நான் வந்த அன்றே எனக்கென்று புதுச் சட்டி பானை வாங்கினார். இனி இந்த வீட்டுக்குள் பன்றி இறைச்சி வராது என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அறிவித்தும் விட்டார்.

நூலகத்தில் உட்காருவதற்கு முன் மூன்று மாதம் ஊரைச் சுற்றிப் பார் என்று என் மேற்பார்வையாளர் சொன்னார். என் ஆய்வு, வாடகை அறைகளில் தங்கிப் படிக்கிற பெண்களைப் பற்றியது. அதனால் சுற்றுகிறேன். 155ஆம் இலக்க பஸ் மட்டக்குளியிலிருந்து வரும்போதே நிரம்பித்தான் வரும். "நங்கி, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று கண்டக்டர் என்னை முன்னுக்குப் போகச் சொல்லிச் சொல்லி, கம்பஸ் வாசலில் இறங்கும்போது டிரைவரின் மடியில் உட்காராத குறை. பின்னேரங்களில் வெள்ளவத்தை. அங்கே ஒழுங்கைக்கு ஒழுங்கை மதிலில் அறை வாடகை விளம்பரம். மரக்கறி மட்டும். விருந்தினர் கூடாது. ஏழு மணிக்குக் கேற் பூட்டப்படும். ஒரு வீட்டில் முழுகிவிட்டுப் பல்கனியில் நின்று தலைமுடி உலர்த்தக் கூடாது என்றுகூடச் சட்டம்! அந்த வீட்டில் எட்டுப் பெண்கள். பேட்டி எடுக்கப் போனால் முதலில் பேட்டி எனக்குத்தான்: எங்கே தங்கியிருக்கிறீர்கள், வீட்டுக்காரி எப்படி? அன்ரியைப் பற்றிச் சொன்னால் ஒருத்தியும் நம்புவதில்லை.

திரும்பும்போது கடலோர ரயிலில் கதவடியில் நின்று வருகிறேன். இதை என் உம்மாவுக்குச் சொல்லிவிடாதே. போன கிழமை புறக்கோட்டையில் வழி தவறி, சுற்றிச் சுற்றி ஒரே பாத்திரக் கடைக்கு முன்னாலேயே வந்து நின்றேன். மூன்றாம் தடவை கடைக்கார நானா ஒரு கதிரை எடுத்துப் போட்டார். இந்த நகரம் எனக்குப் பிடித்துவிட்டது. உன்னோடு பார்க்க வேண்டியதைத் தனியே பார்க்கிறேனே என்று உன்மேல் கோபமும் இருக்கிறது. மறைத்து எழுத எனக்கு வராது.

இனி நீ கேட்ட விஷயம். செப்டெம்பர் எட்டாம் திகதி நீ கன்னியாஸ்திரியாக எடுக்கிற முதல் வார்த்தைப்பாட்டுக்கு அம்மாவை எப்படியாவது கூட்டி வா என்று எழுதியிருந்தாய். உன் கையைப் பிடித்துப் பீடம் வரைக்கும் அவர்தான் கொண்டுபோய் விட வேண்டுமாமே. நாலு தடவை கேட்டுவிட்டேன். "அப்பா செத்து ஆறு மாசத்தில என்னை விட்டிட்டுப் போனவள். மிச்சத் தூரத்தையும் தனியவே நடக்கட்டும்" என்கிறார்.

ஆனால் ரொஷேல், உன் சட்டைகளை மாதம் ஒரு தடவை அலுமாரியிலிருந்து எடுத்து, அயன் பண்ணி, திரும்ப மடித்து வைக்கிறார். நாளுக்கு இரண்டு தடவையாவது என்னை ரொஷேல் என்று கூப்பிடுகிறார். அது அவருக்கே தெரியாது. நான் திருத்துவதில்லை. ஓம் அன்ரி என்று போய் நிற்கிறேன். பெரிய பிடிவாதக்காரி. நீ யாருடைய பிள்ளை என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

துஆவுடன்,
நிப்லா


கொட்டாஞ்சேனை,
ஓகஸ்ட் 7, வியாழன்.

ரொஷேல்,

இதற்கு முன் என் கையெழுத்தில் விலாசத்தோடு உனக்கு ஓர் உறை வந்திருக்கும். அதற்குள் இருப்பது என் கடிதம் அல்ல. உன் அம்மா சகாய மாதாவுக்கு எழுதிய விண்ணப்பம். இன்னும் பிரிக்கவில்லை என்றால் முதலில் இதைப் படி. சிஸ்டர், நீங்கள் பிரித்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். பிழை முழுவதும் என்னுடையது. உனக்கு வரவேண்டியிருந்த கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். புதன்கிழமை நவநாள் வழிபாட்டில் வாசிக்கிற விண்ணப்பங்களைக் காலையிலேயே கோவில் பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அன்ரி என் கொப்பியில் ஒரு தாள் கிழித்து எழுதி, நாலாக மடித்து, பஸ்ஸுக்குப் போகிற வழியில் போட்டுவிடச் சொல்லி என்னிடம் தந்தார். உனக்கு எழுதியதும் அதே கொப்பித் தாள், அதே மடிப்பு. தபால் பெட்டிக்கு முன்னால் நின்று, ஒரு கண்ணை 155இல் வைத்துக்கொண்டு, ஒரு தாளை உறைக்குள் தள்ளி ஒட்டிப் போட்டேன். மற்றதைக் கோவில் பெட்டியில் போட்டுவிட்டு ஓடினேன். எது எது என்று பார்க்கவே இல்லை. ஒரு முஸ்லிம் பெண்ணை நம்பி மாதாவுக்குத் தபால் கொடுத்துவிட்டதை நினைத்து வழியெல்லாம் சிரித்தது வேறு.

அன்று பின்னேரம் நவநாளில் விண்ணப்பம் வாசித்தது, உங்கள் கோவிலில் வழமையாக வாசிக்கிற ஹியூபேட் அங்கிள். "என் ரொஷேலுக்கு, ஸலாம்" என்று மைக்கில் வாசித்துவிட்டார்! கோவில் முழுக்கத் திரும்பி அன்ரியைப் பார்த்ததாம். அங்கிள் இருமி, அடுத்த தாளை எடுத்து, நவநாள் முடிந்ததும் என் கடிதத்தைக் கொண்டுவந்து அன்ரியின் கையில் கொடுத்திருக்கிறார்.

நான் வீட்டுக்கு வந்தபோது அன்ரி கடிதத்தை விரித்து வைத்துக்கொண்டு மேசையில் இருந்தார். பன்றி இறைச்சியைப் பற்றி எழுதியதற்கும் பிடிவாதக்காரி என்றதற்கும் ஏச்சு விழப்போகிறது என்று நின்றேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் உன்னை ரொஷேல் எண்டே கூப்பிடுறனான்?"

ஓம் என்றேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். "சொன்னா நிப்பாட்டிப்போடுவீங்களே அன்ரி" என்றேன். அழுதார். இந்த ஏழு மாதத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் தாங்கவில்லை, பக்கத்தில் இருந்து நானும் அழுதேன்.

அதற்குப் பிறகுதான் மற்றத் தாள் உனக்கு வந்துகொண்டிருக்கிறது என்ற புத்தி எனக்கே வந்தது. சொன்னதும் அன்ரியின் முகம் செத்துப்போய்விட்டது. தாளில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். இரண்டு வருடமாக ஒவ்வொரு புதனும் ஒரே வரிதானாம்: மாதாவே, என் பிள்ளையை வீட்டுக்குத் திருப்பி அனுப்பும். மடத்து அலுவலகத்துக்குப் போன் எடுத்து உறையைப் பிரிக்காமல் வைக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

இன்று காலை தேத்தண்ணியோடு வந்து, கடிதம் எழுது என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அது மாதாவுக்கு எழுதினது. பிள்ளை அதுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை."

பிறகு, செப்டெம்பர் ஏழாம் திகதி பண்டாரவளை ரயிலுக்கு இரண்டு சீற் பதியச் சொன்னார். இரண்டாவது எனக்கு. நான் முக்காட்டோடு வந்து கோவிலுக்குள் இருந்தால் யாரும் ஏதும் சொல்வார்களா என்று ஹியூபேட் அங்கிளிடம் கேட்டாராம். அங்கே சிஸ்டர்மார் எல்லாரும் முக்காட்டோடுதானே இருக்கிறார்கள் என்று அங்கிள் சொல்லிவிட்டாராம். எனக்கு அடுத்த நாள் வகுப்பு இருக்கிறது. மேற்பார்வையாளரிடம் களப்பணி என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

ஆனால் ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அன்ரி வருகிறார் என்றால் மனம் மாறிவிட்டது என்று நினைத்துவிடாதே. வருகிற புதனுக்கும் என் கொப்பியில் ஒரு தாள் கிழித்து வைத்திருக்கிறார். என்ன எழுதப்போகிறார் என்று நான் கேட்கவில்லை.

அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடாதே, ரொஷேல். நீ அங்கே சந்தோஷமாக இருக்கிறாய் என்பது உன் கடிதங்களைப் படிக்கிற எனக்குத் தெரியும். எட்டாம் திகதி அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். பீடத்துக்குக் கிட்டப் போகப் போக அந்தக் கை இறுகும். யார் காத்திருந்தாலும் காத்திருக்கட்டும். நீயாக இழுத்துக்கொள்ளாதே. அவராக விடும்வரை நில்.

உங்கள் இருவருக்குமாகக் கையேந்தும்,
நிப்லா